தோளில் ஒரு கூரை

"என்ன லோடுங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

நாமக்கல்லில் தார்ப்பாய் தைக்கிற கடைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி இதுதான். சிமெண்டா, பருத்தியா, மாட்டுத் தீவனமா என்று தெரிந்தால்தான் அவர் துணியைத் தேர்ந்தெடுக்க முடியும். நான் கொஞ்சம் கூச்சத்துடன், "நானும் என் சிநேகிதரும்தான் லோடு. கொல்லிமலைக்கு நடந்து ஏறப் போகிறோம். ராத்திரி மழை வந்தால் தலைக்கு மேலே கட்டிக்கொள்ள ஒரு பாய் வேண்டும்" என்றேன்.

"நடந்துங்களா? எழுபது வளைவு ரோடு போட்டு பஸ்ஸு வுட்டிருக்குதுங்களே, சார்!" என்றார் அவர். அறுபது வயதிருக்கும். காதில் பென்சில், கழுத்தில் அளவு நாடா. என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். லாரியின் மீது எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று பார்ப்பவருடைய பார்வை அது. பிறகு, "கான்வாஸ் உங்களால தூக்க முடியாதுங்க. பிளாஸ்டிக்ல தாரேன்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். இந்த ஊர் லாரிகளின் ஊர். பாடி கட்டுகிற பட்டறைகளிலிருந்து இரும்பு தட்டும் ஓசை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். லாரிக்குப் போடுகிற மெழுகு பாய்ச்சிய கான்வாஸ், சதுர மீட்டருக்கு அரைக் கிலோவுக்குக் குறையாது. பன்னிரண்டு அடிக்கு ஒன்பது அடி என்று எடுத்தால் ஐந்து கிலோ. மழையில் நனைந்தால் அதற்கும் மேலே. அவர் எனக்கு எடுத்துக் கொடுத்த நீல நிற பிளாஸ்டிக் பாயோ அதே அளவில் ஒரே ஒரு கிலோ. விலையும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. அதை நாலாக மடித்து, எட்டாக மடித்து, சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தேன். தலைக்கு மேலே நாமக்கல் மலை. அடிவாரத்தில் பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிற கோயில். அந்த ஆஞ்சநேயருக்குக் கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர் மேல் நேரே விழும். சாமி வளர்ந்துகொண்டே இருக்கிறார், அதனால் கூரை போட முடியவில்லை என்று ஊரில் சொல்வார்கள். நாமோ வளர்வதை என்றைக்கோ நிறுத்திக்கொண்டவர்கள். நமக்குக் கூரை வேண்டியிருக்கிறது.

அன்று இரவு மூட்டை கட்டும்போது ஒரு யோசனை வந்தது. நம்முடைய முன்னோர்களைப்போல் நடந்தவர்கள் உலகத்தில் குறைவு. காசிக்கு நடந்தார்கள், ராமேசுவரத்துக்கு நடந்தார்கள், சேலத்திலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் காவடி தூக்கிக்கொண்டு பழனிக்கு நடந்தார்கள்; இன்றும் நடக்கிறார்கள். ஆனால் அந்தக் கால யாத்திரிகன் தோளில் கூடாரம் இருந்ததாக எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை. சொம்பு உண்டு, கட்டுச்சோறு உண்டு, கம்பளி உண்டு, தடி உண்டு. கூரை மட்டும் இல்லை. ஏன்?

கூரை பாதையிலேயே இருந்தது என்பதுதான் பதில். அவன் அதைத் தூக்க வேண்டியதில்லை. ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம், இடையில் மண்டபம், இறக்கி ஏற்ற ஆள் இல்லாதவன் சுமையை வைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கல். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்ட அந்தக் கல்லின் மேல் எத்தனை தலைமுறைகளின் பாரம் இறங்கியிருக்கும்! ராணி மங்கம்மாளின் பெயரைச் சொல்லும் சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் இருக்கிறது. தஞ்சாவூர் மராத்திய மன்னர்கள் ராமேசுவரம் போகிற சாலையில் வரிசையாகச் சத்திரங்களைக் கட்டினார்கள். அவற்றைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801-ல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. நாள் முழுவதும் சோறு போட்டு, நள்ளிரவில் ஒரு மணியை அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வாருங்கள் என்று அழைப்பார்களாம். பிராமணர் முதல் தாழ்த்தப்பட்டவர் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் சாப்பாடு என்று அந்தக் கடிதம் சொல்கிறது. அந்த நள்ளிரவு மணியை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

கூடாரம் வேறு ஜாதி. அது ராஜாக்களுடைய சொத்து. சங்க காலத்து முல்லைப்பாட்டில் வருகிற பாசறையைப் படித்தவர்களுக்குத் தெரியும். கால் நட்டுக் கயிறு இழுத்துக் கட்டிய கூடாரமும், அதற்குள் காயம்பட்ட யானைகளையும் வீரர்களையும் நினைத்து உறக்கம் வராமல் கிடக்கிற அரசனும் அதில் இருக்கிறார்கள். நூற்று மூன்று அடியில் பாடி முடித்துவிட்டார் நப்பூதனார். அக்பருடைய பாசறைக்கு நூற்று மூன்று அடி போதாது. ஒரு முகாமைத் தூக்கிச் செல்ல 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமையாள் வேண்டும் என்று அபுல் பசல் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பாதுஷா இன்று ஒரு கூடாரத்தில் தூங்குவார். நாளைக்குத் தூங்க வேண்டிய கூடாரம் அதற்குள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுப் போயிருக்கும்.

வெள்ளைக்காரர்களும் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1792-ல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்ஸாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரி வந்தார். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள்: வடக்கே கிரஹாம், நடுவில் மன்றோ, இந்தத் தென் பகுதியில் மக்லியாட். ஏழு வருஷம் ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்தார்கள். பிற்பாடு கடப்பை, பெல்லாரிப் பக்கம் கலெக்டராக இருந்தபோது மன்றோ வருஷக் கணக்கில் வீடே இல்லாமல் கூடாரத்திலேயே வசித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குடியானவனுடைய வாசலுக்கே போய்க் கணக்குப் பார்த்த மனிதர். ஆனால் அவர் கூடாரத்தை அவர் தூக்கவில்லை. மேஜை, நாற்காலி, கட்டில், கணக்குக் கட்டுகள், கம்பங்கள், முளைகள் எல்லாம் வண்டியிலும் மாட்டின் முதுகிலும் ஆளின் தலையிலும் போயின. கூடாரம் அடிப்பதற்கென்றே லஸ்கர் என்று ஒரு வேலைக்காரக் கூட்டம் உண்டு. துரை வருவதற்கு முன் கூடாரம் நிமிர்ந்திருக்க வேண்டும். அதை நிமிர்த்தியவன் எங்கே படுத்தான் என்பதை எந்த சர்க்கார் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தின் மிச்சமாக இரண்டு சொற்கள் நமக்கு நின்றுவிட்டன. ஒன்று, கலெக்டர் ஆபீஸ் காகிதங்களின் தலைப்பில் வருகிற 'முகாம்'. இன்னொன்று, கிளம்பவே கிளம்பாத விருந்தாளியைப் பற்றி நாம் சொல்லுகிற 'டேரா போட்டுவிட்டான்'.

ஆக, கூரை ஒன்று பாதையில் இருந்தது. அல்லது இன்னொருவன் தலையில் இருந்தது. பாதையில் இருந்த கூரை போதும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தவர் தார்ப்பாய்க் கடைக்காரர்.

பாய்க்குக் கயிறு வாங்க மறந்துபோய் மறுநாள் காலை திரும்பவும் அவர் கடைக்குப் போனேன். பேச்சு வாக்கில் சத்திரங்களைப் பற்றிச் சொன்னேன்; அந்த நள்ளிரவு மணியைப் பற்றியும் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தா வருஷா வருஷம் பழனிக்கு நடப்பாருங்க" என்றார். "சத்திரத்துல சோறு போடுவாங்களாமா. வெளிய எலை போட்டு ஊத்துவாங்க. உள்ள படுக்க வுடமாட்டாங்க. திண்ணைகூடக் கெடையாதுங்க, எங்க ஆளுகளுக்கு. மழை வந்தா யாராச்சும் வண்டிக்காரர் எரக்கப்பட்டா வண்டிக்கடியில படுத்துக்குவாங்களாம். இல்லீன்னா நனைஞ்சுக்கிட்டே நடக்கறதுதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே மிஷினை மிதித்துக்கொண்டு, "அதுக்கென்னங்க, இப்ப நாந்தான் அத்தன வண்டிக்கும் கூரை தெச்சுக் குடுக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார். கயிற்றுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சரபோஜியின் கடிதம் பொய் என்று நான் சொல்லவில்லை. சோறு எல்லோருக்கும் கிடைத்திருக்கலாம். கூரை எல்லோருக்கும் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. இத்தனை வருஷம் சத்திரங்களைப் பற்றி உருகி உருகிப் பேசிய எனக்கு அந்தக் கேள்வி தோன்றாமலே போயிற்று என்பதுதான் வெட்கமாக இருக்கிறது.

அடுத்தவர் கொடுக்கிற கூரைக்கு நிபந்தனை உண்டு. சர்க்காரும் ஒரு முறை அதை நன்றாக நிரூபித்துக் காட்டியது. 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார். ராஜாஜி சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர், அந்த ஊர் முனிசிபாலிடிக்குத் தலைவராக இருந்தவர். தொண்டர்கள் பாடிக்கொண்டு நடந்த பாட்டு, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் மோகனூரில் பிறந்த ராமலிங்கம் பிள்ளை எழுதியது. 150 மைல் பாதை. பதினைந்து நாள் நடை. தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் கெட்டிக்காரர். நடப்பவர்களை அடிப்பதைவிட, அவர்களுக்குக் கூரை கொடுப்பவர்களைப் பயமுறுத்துவது சுலபம் என்று கண்டுகொண்டார். சத்தியாக்கிரகிகளுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று அறிவித்தார். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் அவர்களைத் தம் வீட்டில் தங்க வைத்தார், சிறைக்குப் போனார். வழியில் இருந்தவர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மரம் சோறு போட்டால் மரத்தையா பிடித்துப்போவார்கள்? ஆனால் கூரையைக் கிளையில் கட்டித் தொங்கவிட முடியாது. சித்திரை மாதத்துக் காவேரிக் கரையில் வெட்டவெளியில் படுப்பது கஷ்டமில்லை, சுகம்தான். ஆனாலும் நிழல் கொடுப்பதைக் குற்றமாக்கிய அந்த உத்தரவின் குரூரம் எனக்கு ஆறுவதில்லை.

பிறகு ரயிலும் பஸ்ஸும் வந்தன. நடப்பவன் போனான், அவனோடு சத்திரமும் போயிற்று. பல சத்திரங்கள் ஆபீஸாயின, பள்ளிக்கூடமாயின, குட்டிச்சுவராயின. இப்போது ஆசைக்காக நடக்கிற என்னைப் போன்றவன் தன் கூரையைத் தானே தூக்க வேண்டியதுதான்.

அப்படித் தூக்குவதற்கு லேசான கூரை வேண்டுமே. அது எப்படி வந்தது என்பது இன்னொரு சுவையான கதை. 'டார்பாலின்' என்ற இங்கிலீஷ் சொல், கப்பல்காரர்கள் பாய்த்துணியில் தாரைப் பூசி மேலே போர்த்திக்கொண்டதிலிருந்து பிறந்தது. அங்கே மாலுமிக்கே 'டார்' என்று பட்டப்பெயர் உண்டு. நம் ஆட்கள் அந்தச் சொல்லைக் காதில் வாங்கி, 'தார்ப்பாய்' என்று திருப்பிக் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்புப் பண்டிதர்கள் கூடி உட்கார்ந்தால்கூட இவ்வளவு பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. நாம் படுக்கிறதும் பாய், கப்பலில் காற்றைப் பிடிப்பதும் பாய். தாரைப் பூசினால் தார்ப்பாய்.

தார் போய் எண்ணெயும் மெழுகும் வந்தன. நடப்பவனுடைய முதுகை முதலில் நினைத்துப் பார்த்தவர் ஒரு தையற்காரர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். லண்டனில் இருந்த தாமஸ் ஹைரம் ஹோல்டிங் சிறுவனாக இருந்தபோது 1853-ல் அமெரிக்கச் சமவெளியை வண்டிக் கூட்டத்தோடு கடந்தவர். வயதான பிறகு சைக்கிளில் கட்டி எடுத்துப் போகிற மாதிரி மெல்லிய துணியில் கூடாரம் தைத்தார். 1901-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். 1908-ல் புத்தகமும் எழுதினார். ஆனால் அவர் உபயோகித்த பட்டுத்துணி ஏழைக்கு எட்டாது.

ஏழைக்கு எட்டுகிற பொருள் ஒரு விபத்தில் கிடைத்தது. 1933-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் சோதனைச்சாலையில் வேறு எதையோ செய்யப் போய், பாத்திரத்தின் அடியில் மெழுகு போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டிப் பார்த்தார்கள். அதுதான் பாலிதீன். 1953-ல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் அதை அதிக அழுத்தம் இல்லாமலே இன்னும் உறுதியாகச் செய்யும் வழியைக் கண்டார். பத்து வருஷம் கழித்து அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த உறுதியான பிளாஸ்டிக்கை நாடாவாகக் கிழித்து, தறியில் நெய்து, இரு பக்கமும் மெழுகினாற்போல் ஒரு பூச்சுக் கொடுத்தால் என் நீலப் பாய். காவேரிக்கு அக்கரையில் கரூரில் அதே சரக்கை நூலாக இழுத்துக் கொசுவலை நெய்கிறார்கள்.

அந்தப் பாய் சந்தைக்கு வருவதற்கு முன்னாலேயே ஒரு பாட்டி அதன் தத்துவத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எம்மா கேட்வுட் என்று பெயர். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் குடியானவப் பெண். பதினொரு குழந்தை பெற்றவள். கட்டியவன் கையால் அடிபட்டு அடிபட்டு, கடைசியில் விவாகரத்து வாங்கிக்கொண்டவள். 1955-ல், அறுபத்தேழாவது வயதில், ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை போகிற அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தன்னந்தனியாக நடந்து முடித்தாள். 2,050 மைல், 146 நாள். காலில் சாதாரண ரப்பர் ஜோடு. தோளில் தானே தைத்த ஒரு பை. கூடாரம் இல்லை, குளியலறையில் மறைப்புக்குத் தொங்கவிடுகிற ஒரு பிளாஸ்டிக் திரைதான் மழைக்குக் கூரை. முதல் வருஷம் ஒரு முறை முயன்று, வழி தவறி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு திரும்பியவள்தான். அதற்குப் பிறகும் அந்தப் பாதையை இன்னும் இரண்டு முறை நடந்தாள். ஒட்டகம் ஐந்நூறு கேட்ட அக்பர் பாதுஷாவின் பக்கத்தில் இந்தப் பாட்டியை நிறுத்திப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கொல்லிமலைக்கு வருகிறேன். ஆடி மாதம். திருச்சி ஜில்லாவின் புளியஞ்சோலையிலிருந்து ஆகாய கங்கைப் பக்கமாக ஏறினோம். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அந்த வழியாக நடந்து வருகிறவர்கள் இன்னும் உண்டு. மூச்சு வாங்கியதையும், சிநேகிதர் ஐம்பது அடிக்கு ஒரு முறை இயற்கையை ரசிக்க உட்கார்ந்ததையும் விவரிக்கப்போவதில்லை. சாயங்காலம் மேலே ஒரு குடியானவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய மிளகுத் தோட்டத்தின் ஓரத்தில், கொடி ஏறாத இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கயிற்றைக் கட்டினோம். கயிற்றின் மேல் பாயைப் போட்டு இரண்டு பக்கமும் இழுத்து முளை அடித்தால் வீடு தயார். ஒரு மூலையில் அலுமினிய வளையம் பிய்ந்துவிட்டது. அங்கே ஒரு கூழாங்கல்லைப் பாயில் பொதிந்து, கழுத்தை இறுக்கிக் கயிறு கட்டினேன். வளையத்தைவிட அது உறுதியாக நின்றது. காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது, அந்தப் பக்கத்தைத் தரையோடு தாழ்த்திக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம்தான் பள்ளத்தாக்கு அழகாகத் தெரிந்தது. சிநேகிதர் கவிஞர். திறந்து வைத்தோம்.

பத்து மணிக்கு மழை வந்தது. அழகும் வந்தது, கூடவே சாரலும் வந்தது. இருட்டில் முளைகளைப் பிடுங்கி, காற்றுப் பக்கத்தை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டினோம். பிறகு கயிற்றின் வழியாகவே தண்ணீர் உள்ளே நடந்து வந்து கவிஞரின் மார்பில் சொட்டத் தொடங்கியது. வெளியே, மரத்துக்கும் பாய்க்கும் இடையில் கயிற்றில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டேன்; தண்ணீர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கீழே இறங்கிவிட்டது. மேட்டுப் பக்கம் தடிக்குச்சியால் ஒரு சிறு வாய்க்கால் கீறினோம். அதன் பிறகு மழை அடித்த அடியில் காது செவிடுபட்டது. ஆனால் ஒரு சொட்டு எங்கள் மேல் விழவில்லை. தலைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் மொத்த வானமும் உடைந்து கொட்டுகிறது, நாம் நனையாமல் படுத்திருக்கிறோம் என்கிற அந்த ஆனந்தத்தை மச்சு வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது? தையற்காரருடைய தாத்தாவின் நினைவு வந்தது. நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் குடியானவருடைய மனைவி காப்பித் தண்ணீர் கொண்டுவந்தாள். பாயைத் தொட்டுப் பார்த்தாள். தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா ராத்திரி கெடந்தீங்க? சொட்டலீங்களா?"

"இல்லை அம்மா."

"எங்க வூட்டுல மூணு எடத்துல சொட்டுச்சு. புள்ளைங்க ஒக்காந்தே வெடிய வெச்சுதுங்க" என்றாள். கேட்கவில்லை, சும்மா சொன்னாள்.

சிநேகிதர் என்னைப் பார்த்தார். நான் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். குடியானவர் ஓட்டின் மேல் ஏறினார். நாங்கள் கீழே நின்று நாலு மூலையையும் கல் வைத்துக் கட்டினோம். பிய்ந்த மூலையில் அந்தக் கூழாங்கல்லை அப்படியே விட்டுவிட்டேன். அவர்கள் கொடுத்த பலாப்பழம் நிச்சயம் ஒரு கிலோவுக்கு மேலே இருக்கும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.